மாப்பொருள் குறைந்த உணவும் தசையின் உழைப்பும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சோற்றை விட்டால் உடல் இறுகும் என்னும் பேச்சு இன்று வாலிபர் மத்தியிற் பரவியிருக்கின்றது. நாமும் அதை நம்பினோம். நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் போட்டிக்கு இரு வாரம் முன்பாகச் சோறு, பாண், கிழங்கு யாவற்றையும் தள்ளி, முட்டையும் மீனும் கீரையுமாக உண்டோம். நாலு நாளிலே நிறை குறைந்தது, மகிழ்ந்தோம். போட்டியன்றோ பாதித் தூரத்திலேயே கால்கள் கல்லாய்க் கனத்தன. வீடு சென்றபோது ஆச்சி ஒன்றுங் கேளாமற் சோற்றுக்கோப்பையை முன்னே வைத்தார். நடந்தது என்னவென்று அதன் பின்னரே படித்தறிந்தோம்.

நாம் உண்ணும் மாப்பொருள் குளுக்கோசாக மாறி, அதில் ஒரு பங்கு தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகின்றது. ஒரு கிராம் கிளைக்கோசனோடு ஏறக்குறைய 3 கிராம் நீரும் தங்கும். ஆகவே முதல் வாரத்திற் குறையும் நிறையிற் பெரும்பங்கு கொழுப்பன்று, நீரே.

1966ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்களான பேர்க்ஸ்ற்றோம், ஹுல்ற்மன் இருவரும் தம்மையே பரிசோதனைக்கு உட்படுத்தினர். ஒரே துவிச்சக்கரவண்டியின் இருமருங்கும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். பின்னர் மூன்று நாள் மாப்பொருள் நிறைந்த உணவை உண்டனர். தொடையில் ஊசி செலுத்தித் தசைத்துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் ஓய்ந்திருந்த காலிலும் ஏறக்குறைய இருமடங்கு கிளைக்கோசன் இருந்தது. உழைத்த தசையே உணவை வாங்கிச் சேமிக்கின்றது என்பது இதனால் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டில், அவர்கள் வேறு இருவருடன் சேர்ந்து 9 பேரைப் பரிசோதித்தனர். வழக்கமான கலப்புணவுக்குப் பின் அவர்கள் கடுமையாக மிதிக்க முடிந்தது சராசரியாக 114 நிமிடம். மூன்று நாள் கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபின் 57 நிமிடம். மூன்று நாள் மாப்பொருள் மிகுதியாக உண்டபின் 167 நிமிடம். எமது கால்கள் பாதி வழியில் நின்றதன் காரணம் இதுவே.

மறுபக்கத்தையும் கூறுதல் நியாயம். 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, பயிற்சிபெற்ற 5 பேர் நாலு வாரம் மாப்பொருளை மிகக் குறைத்தபின்பும், மிதமான வேகத்தில் முன்போலவே இரண்டு மணிநேரத்துக்கு மேல் மிதித்தனர். உடல் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்கின்றது. ஆனால் அதே அளவு சக்திக்குக் கொழுப்பு கூடுதலான ஒட்சிசனைக் கேட்கும். 2017இல் வெளியான ஆய்வொன்றில் தேர்ந்த வேகநடை வீரர்கள் மூன்று வாரம் இவ்வுணவில் இருந்தனர். மாப்பொருள் உண்டோர் 10 கிலோமீற்றர் நடையில் முன்னேறினர், இவர்கள் முன்னேறவில்லை. மெதுவான உழைப்புக்குக் கொழுப்புப் போதும். வேகத்துக்கு மாப்பொருள் வேண்டும்.

தசை வளர்ச்சி எவ்வாறு எனின், தசையைக் கட்டுவது புரதமும் பயிற்சியும். போதிய புரதம் உண்டு பாரந்தூக்கும் பயிற்சியையும் விடாதவர், மாப்பொருளைக் குறைத்தாலும் தசையைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். சோற்றை விட்டு, அதற்கீடாக வேறெதுவும் உண்ணாது பட்டினி கிடப்பவர் உடலோ தன் தசைப்புரதத்தையே கரைத்துக் குளுக்கோசு ஆக்கும்.

நீரிழிவுள்ள பெரியோர்க்கு மாப்பொருளைக் குறைத்தல் நன்மை தரக்கூடும். ஆயினும் இன்சுலினோ மாத்திரையோ பாவிப்போர் வைத்தியரைக் கேளாது அதைச் செய்யலாகாது. இரத்தத்திற் சீனி அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து விடலாம்.

வாலிப நண்பர்களே, நாள் முழுதும் கதிரையில் இருப்பவனுக்கும் வண்டி மிதிப்பவனுக்கும் ஒரே அளவுச் சோறு பொருந்தாது. உழைப்பைப் பார்த்து உணவை அளப்போம். வருகின்ற போட்டிக்கு நாம் சோறுண்டே செல்வோம்.