மறதி நோயும் ஒரு நீலச் சாயமும்



மலேரியாக் காய்ச்சல் என்றதும் தோட்டப்புற மக்களுக்குக் கொய்னா மருந்து நினைவுக்கு வரும். 1891-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், மெத்திலீன் நீலம் என்ற துணிச் சாயத்தையும் அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். நூறாண்டுக்குப் பின் அதே சாயத்தின் வழிவந்த மருந்தொன்று, முதியோரின் மறதி நோயைத் தடுக்குமா என்று சோதிக்கப்பட்டது. சோதித்தது, 2002-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட டௌஆர்எக்ஸ் என்ற நிறுவனம்.

மறதி நோய்க்கும் சாயத்துக்கும் என்ன தொடர்பு? 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளும், உள்ளே சிக்கு விழுந்த நூல்போன்ற இழைகளும் தென்பட்டன. படிவு, அமிலாய்டு என்ற புரதம். சிக்கல், டௌ என்ற புரதம். இவை பெருகப் பெருக அணுக்கள் மடிகின்றன. மெத்திலீன் நீலம் டௌ சிக்கலைக் கரைக்கும் என்பதைச் சோதனைக் குழாயில் கண்டார்கள். ஆனால் 2016-இல் வெளியான, 891 நோயாளிகள் பங்குகொண்ட பெரிய சோதனையில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. சோதனைக் குழாய் வேறு, மனித மூளை வேறு.

அமிலாய்டைக் குறிவைத்த லெக்கனமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது. பதினெட்டு மாதச் சோதனையில் அது நோயின் வேகத்தை ஏறக்குறைய 27 விழுக்காடு குறைத்தது. நோயை அது நீக்குவதில்லை. தொடக்க நிலையில் இருப்போருக்கு மட்டுமே உரியது. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ உண்டாக்கக்கூடும் என்பதால் அடிக்கடி படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, நோயை முன்கூட்டியே அறிவதுதான் முதல் மருந்து. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2013-இல் நடத்திய ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதி நோய் இருந்தது. 2023-இல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் நோயுற்றோரில் பாதிப்பேர் அப்போதும் மருத்துவரால் கண்டறியப்படாமலே இருந்தார்கள். "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

சாவியை வைத்த இடம் மறந்தால் கவலையில்லை. பழகிய லயத்துக்கு வழி தெரியாமல் நிற்பது, சோறு உண்டதை மறந்து மீண்டும் கேட்பது, பெற்ற பிள்ளையை யாரென்று வினவுவது ஆகியவை நோயின் அறிகுறிகள். இதைப் பேய் பிடித்ததென்றும் சாபமென்றும் எண்ணி, மந்திரிப்பதில் மாதங்களைக் கழிக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறை போன்ற மாற்றக்கூடிய காரணங்களும் உண்டு.

இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் நடுவயதிலேயே அடக்குங்கள். புகையையும் மதுவையும் விடுங்கள். காது மந்தமானால் கருவி பொருத்துங்கள். நடையும் நாலு பேரோடு பேச்சும் நிற்க வேண்டாம். உலக வல்லுநர்கள் 2024-இல் கணித்தபடி, இத்தகைய பதினான்கு காரணங்களைக் களைந்தால் மறதி நோயில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும். இவற்றுள் பலவற்றுக்குப் புதிய மருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.