கல்லைப் புரட்டிப் பார்த்தல்: ஆற்றுச் சூழலைப் பள்ளிகள் பயிலும் வழி

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தொடக்கமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஆறு இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. வழியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். காலையில் பாபநாசத்தில் பாறைமேல் துள்ளும் நீரைப் பார்த்த மாணவர், அன்று மாலைக்குள் கழிமுகத்தின் உப்புச் சேற்றையும் பார்த்துவிடலாம். ஆற்றுச் சூழலைச் செய்து கற்பது பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆற்றுக் கல்வி என்ற பெயரில் பள்ளிகளில் நடப்பவற்றுள் பெரும்பகுதி ஊர்வலமும் குப்பை அகற்றலுமே. பாபநாசத்தில் பரிகாரம் செய்வோர் ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகளை வாரிக் கரையேற்றுவது நல்ல வேலைதான். ஆனால் அந்த நாளின் முடிவில் மாணவர் அறிந்துகொள்வது துணியைப் பற்றி. ஆற்றைப் பற்றி அல்ல. ஒரு செயல்பாடு கல்வியாவதற்கு அடையாளம், அதன் விடை பாடநூலின் கடைசிப் பக்கத்தில் இல்லாமல் ஆற்றிலேயே இருப்பது. அந்த விடையும் ஓரிடத்தைப் பார்த்தால் கிடைக்காது. குறைந்தது இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும்.

இடத்தேர்வு முதலில் வருகிறது. மணல் அள்ளிய பள்ளங்களும் ஆழமான கசங்களும் உள்ள பேராறு மாணவர் இறங்கத் தக்கதன்று. அணை திறந்தால் நீர்மட்டம் சட்டென உயரும். முழங்காலுக்குக் கீழே நீர் ஓடும் வாய்க்கால் போதும். உண்மையில் அதுவே மேல், ஏனெனில் அங்கே அகலம், ஆழம், வேகம் மூன்றையும் மாணவரே அளந்துவிடலாம். கரையில் 10 மீட்டர் தூரத்துக்கு இரு கம்புகளை நட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் குறிக்கிறார்கள். 20 வினாடியானால் மேற்பரப்பின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அடிநீர் மெதுவாக ஓடுவதால் இதை 0.85ஆல் பெருக்க வேண்டும். வாய்க்கால் 4 மீட்டர் அகலமும் சராசரி கால் மீட்டர் ஆழமும் கொண்டதென்றால், வினாடிக்கு 425 லிட்டர் ஓடுகிறது. அதாவது சுமார் 15 கன அடி. 143 அடி உயரப் பாபநாசம் அணையின் நீர்வரத்தும் வெளியேற்றமும் நாளிதழில் கன அடியில்தான் வருகின்றன. அந்தச் செய்தி இனி மாணவருக்கு வெறும் எண்ணாக இராது.

அடுத்தது உயிர்கள். ஓடும் நீரில் கொசுவலைத் துணியை விரித்துப் பிடித்து, அதற்கு மேற்புறம் காலால் கூழாங்கற்களைக் கிளறினால், கல்லடியில் ஒட்டியிருந்தவை வலைக்கு வந்து சேரும். வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றி அவற்றை விட்டால் அசைவு தெரியும்: வால் இழைகள் கொண்ட மேஃப்ளை இளம்பூச்சி, மணலையும் இலைத்துணுக்கையும் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழு, தட்டானின் இளம்பருவம், நத்தை, அட்டை. சாக்கடை சேருமிடத்துக்குக் கீழே இதே வேலையைச் செய்தால் சிவப்பு நிற இரத்தப்புழுக்கள் மிகுதியாகக் கிடைக்கலாம். புழு என்று பெயரே தவிர, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம் அது. அதன் உடலிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜன் அருகிய சேற்றிலும் அதை வாழவைக்கிறது. மேஃப்ளை இளம்பூச்சிகளில் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. நீர் கெட்டதை மூக்கு சொல்லாத இடத்திலும் இந்தத் தட்டு சொல்லிவிடும்.

இதற்கு மதிப்பெண் முறைகளும் உண்டு. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் உருவான முறை ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பளிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ‘மினிசாஸ்’ அதே எண்ணத்தை 13 பிரிவுகளாகச் சுருக்கிப் பள்ளிகளுக்கு ஏற்றதாக்கியது. குளிர்நாட்டு ஓடைக்கு வகுத்த எண்களை வெப்பச் சமவெளி ஆற்றில் அப்படியே பொருத்துவது தவறு. நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 30 பாகையில் 7.5 அளவே. எனவே மாசு தாங்காதன, நடுத்தரம், தாங்குவன என்று மூன்றாகப் பிரித்து எண்ணுவதே நம் பள்ளிகளுக்குப் போதுமானது. ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் விங்க்லர் முறை 1888 முதல் வழக்கில் உள்ளது. அமிலம் கையாளப்படுவதால் அது மேல்நிலை வகுப்பு ஆய்வகத்துக்குரியது.

பலரும் கவனியாமல் விடும் செயல்பாடு இலைப்பை. வெங்காயம் வரும் வலைப்பையில் 10 கிராம் காய்ந்த மருத இலையை இட்டு, ஓடும் நீரில் கல்லோடு கட்டிவைத்து, மூன்று வாரம் கழித்து எடுத்து உலர்த்தி எடைபோட வேண்டும். வேறொரு பையில் தைல மர இலையை வைத்தால் ஒப்பீடும் ஆயிற்று. எடை குறைந்திருக்கும், யார் தின்றார்கள் என்பதே கேள்வி. இலை நீரில் விழுந்ததும் முதலில் குடியேறுவனவற்றுள் பூஞ்சைகள் முக்கியமானவை. அவை மென்மையாக்கிய பிறகே பூச்சிகளும் நத்தைகளும் இலையை விரும்பிக் கடிக்கின்றன. பிரிட்டிஷ் தாவரவியலாளர் இங்கோல்ட் 1942இல் இந்த நீர்ப்பூஞ்சைகளை விரிவாக விவரித்தார். நீர் விழுமிடத்தில் திரளும் நுரையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், நான்கு கைகள் நீட்டிய அவற்றின் வித்துகள் சிக்கியிருப்பதைக் காணலாம். இலையைத் தின்னும் பூச்சிகள் பல மீன்களுக்கு இரை; எனவே கரைமரத்தை வெட்டினால் மீனுக்கு என்ன கேடு என்ற வினாவுக்கு விடை இந்தப் பைக்குள் இருக்கிறது.

மீன்களைப் பிடிக்க வேண்டியதில்லை. பிடிப்பவரிடம் கேட்டால் போதும். அயிரை, கெளுத்தி, விரால் என்று முன்பு கிடைத்தவை எவை, இப்போது எவை என்று மீனவரிடமும் படித்துறைக்கு வரும் முதியவரிடமும் கேட்டு எழுதுவது தமிழ்ப் பாடவேளையிலேயே நடக்கக் கூடியது. வெளிநாட்டு மீனான சிலேபி 1952இல்தான் இந்தியாவுக்கு வந்தது என்பதை அப்பட்டியலோடு சேர்த்துப் படித்தால் கதை விரியும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் இப்பட்டியல் பயன்படும்.

பிடித்த உயிர்களை எண்ணி முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது வழக்கமாக வேண்டும். குறிப்பேடு மாணவரோடு வீட்டுக்குப் போகாமல் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வகுப்பு அதே கல்லருகே, அதே வாரத்தில் மீண்டும் இறங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டது. அவ்வளவு பெருவெள்ளம் ஆற்றடியைப் புரட்டிய பின் எந்த உயிர் முதலில் திரும்பியது, எது திரும்பவில்லை என்பதை, 2022இன் தட்டில் இருந்தவற்றை எண்ணி எழுதிவைத்த பள்ளி மட்டுமே சொல்ல இயலும்.