ஜெபமும் பட்டாவும்



தெலங்கானா மண்ணில் நின்று பழங்குடி உழவரைப் பற்றிப் பேச வாயெடுத்தால் முதலில் வருகிற பெயர் குமரம் பீம். நிஜாம் ஆட்சியை எதிர்த்து நின்று, 1940-இல் ஜோடேகாட்டில் உயிர் கொடுத்தவர். ஒரு மாவட்டமே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு முன்னால் அதே போன்ற எதிர்ப்பு முழக்கம் ஜார்கண்ட் காடுகளில் எழுந்தது. எழுப்பியவர் பிர்சா முண்டா. நவம்பர் 15, 1875 அவர் பிறந்த நாள். மகனைப் பற்றிப் பேச ஆயிரம் மேடை உண்டு. நான் இன்று அப்பனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சுகனா முண்டா. கர்மியின் கணவர். ஒரு காலத்தில் லுத்தரன் சபை விசுவாசி. உழுவதற்குச் சொந்த நிலம் போதாமல், கூலிக்கும் வாரத்துக்கும் ஊர் ஊராக அலைந்த உழவர். உலிஹாத்துவிலிருந்து குரும்ப்தா, அங்கிருந்து பம்பா, பிறகு சல்காத். பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் பிறந்தார்கள். வறுமை தாளாமல் சிறுவன் பிர்சாவைத் தாய்மாமன் ஊரான அயுபாத்துவுக்கு அனுப்பிவைத்தார்கள். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு ஏர் பிடிப்பவனுடைய மனநிலை என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

லுத்தரன் என்றதும் நமக்குத் தரங்கம்பாடியும் 1706-இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கும் நினைவுக்கு வருவார்கள். ஜார்கண்டின் ராஞ்சிக்கு லுத்தரன் சபை வந்த கதை அதற்கு வெகு காலம் பின்னால். பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய நால்வர் 1845-இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் ஒருவரும் சேரவில்லை. கடைசியில் 1850 ஜூன் 9-ஆம் தேதி நவீன், கேசோ, பந்து, கூரன் என்ற ஒராவோன் பழங்குடி மக்கள் நால்வர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்புறம் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? பக்தி ஒரு காரணம். அதை மறுக்க மாட்டேன். இன்னொரு காரணம் நிலம்.

காட்டை வெட்டித் திருத்தி ஊர் உண்டாக்கிய குடும்பங்களுக்கே அந்த நிலம் சொந்தம் என்பது முண்டாப் பழங்குடியினரின் முறை. அதற்குக் கூண்ட்கட்டி என்று பெயர். காகிதம் கிடையாது. முன்னோரைப் புதைத்த இடத்தில் கிடத்திய பெருங்கல்தான் பத்திரம். சசன்திரி என்பார்கள். 'எங்கள் பாட்டன் இந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறான், ஆகையால் இந்த வயல் எங்களுடையது' என்பது அவர்கள் வழக்கு. கோர்ட்டில் எடுபடுமா? ஜமீன்தாரும் குத்தகைதாரரும் காகிதத்தோடு வந்தார்கள், நிலம் கை மாறியது. நிலத்துக்காரனே தன் நிலத்தில் கூலியானான். கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தெலங்கானாவில் வெட்டிச் சாகிரி என்றார்களே, அது அங்கே பேகாரி.

அந்த நேரத்தில்தான் சபைக்கு வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் வந்தது. மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று அதன் பகுதிகளுக்குத் தலைப்பிலேயே போட்டிருப்பார். போதகருக்கு மட்டுமான நூல் அல்ல. ஏர் பிடிக்கிற அப்பனுக்கான நூல். கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட அப்பம் கேட்கிறோமே, அப்பம் என்றால் என்னென்ன என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வீடு, வயல், கால்நடை, நல்ல மழை வெயில், நல்ல அயலார், நல்ல அரசு, எல்லாமே அப்பத்தில் அடக்கம்!

அன்பர்களே, பள்ளத்தில் நெல்லும் மேட்டில் கேழ்வரகும் விதைக்கிறவனிடம் இதைச் சொல்லிக்கொடுத்தால் அவன் என்ன கேட்பான்? வயலைக் கேட்பான். நல்ல அரசைக் கேட்பான். கேட்டான்! சர்தார்கள் என்ற முண்டாத் தலைவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். பாதிரிமார் துணை நிற்பார்கள் என்று நம்பினார்கள். ஓர் எல்லைக்கு மேல் அவர்கள் வரவில்லை, பூசல் முற்றியது. சாய்பாசா மிஷன் பள்ளியில் தாவூத் என்ற பெயரோடு படித்த பிர்சா 1890-இல் வெளியேறினார். சுகனாவின் குடும்பமும் சபையை விட்டது. பிறகு அந்த முழக்கத்தை எழுப்பிய பிர்சா 1900 ஜூன் 9-ஆம் தேதி ராஞ்சிச் சிறையில் மாண்டார். அந்த முதல் ஞானஸ்நானத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டு!

விலகியதால் சுகனா பக்தி இல்லாதவரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜெபத்தில் கற்றுக்கொண்டதை ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ள மறுத்தவர்.

விலகாதவர்களையும் குறைத்துப் பேசக் கூடாது. முதல் உலகப் போரில் ஜெர்மன் போதகர்களைப் பிரிட்டிஷ் அரசு அப்புறப்படுத்தியது. சபை கலைந்துபோகும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஏரும் மாடும் வைத்திருந்த அந்த விசுவாசிகளே பொறுப்பெடுத்தார்கள். 1919 ஜூலை 10-இல் சபை தன்னாட்சி பெற்றது. இந்தப் பக்கம் 1908-இல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதற்குத் தடை வந்தது. ஒருவன் சபையில் இருந்து தாங்கினான், ஒருவன் வெளியே நின்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே வயலில் விளைந்தவர்கள்.

இதை ஏன் ஹைதராபாத்தில் சொல்கிறேன்? இங்கே எழும்புகிற அடுக்குமாடிகளில் செங்கல் சுமக்கிறவர்களில் ஜார்கண்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த மாநிலத்துப் பழங்குடி நிலத்தைக் காக்க 1970-இலேயே வந்த 1/70 சட்டம் இருக்கிறது. 'ஏஜென்சி என்கிற பழங்குடிப் பகுதியில் நிலம் மலிவு, வேறு பெயரில் வாங்கிப் போடலாம்' என்று யாராவது உங்களிடம் வந்தால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சர்ச்சுக்குப் போகிறவரும் சொல்லுங்கள், கோயிலுக்குப் போகிறவரும் சொல்லுங்கள். அடுத்தவன் வயலை அபகரித்துவிட்டு அன்றாட அப்பம் கேட்கிற வாய்க்கு எந்தச் சாமியும் செவி கொடுக்காது.

வரும் நவம்பரில் பிர்சாவுக்கு மாலை போடும்போது சுகனா, கர்மி என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.