வாசலைக் கடப்பவர் யார்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சீன தேசத்து விவாக வழக்கங்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசுகிறேன். ஆனால், சீனத்தில் தொடங்கினாலும் கல்முனையில் வந்துதான் நிற்பேன் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

சீனரின் பழைய முறைப்படி மணமகள் சிவப்பு ஆடை உடுத்து, சிவப்புப் பல்லக்கில் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். சிவப்பு அவர்களுக்கு மங்கள நிறம். மணமக்கள் முதலில் வானையும் பூமியையும், அடுத்துப் பெற்றோரையும் முன்னோரையும், கடைசியில் ஒருவரையொருவரும் வணங்குவர். பின்பு முழந்தாளிட்டு மூத்தோருக்குத் தேநீர் கொடுப்பர். அந்தக் கிண்ணத்தை வாங்கி மாமியார் பருகினால், மருமகளை ஏற்றுக்கொண்டாள் என்பது பொருள். மூன்றாம் நாள் பெண் தாய்வீடு வருவாள். அப்போது அவள் அங்கே விருந்தாளி. கட்டிக்கொடுத்த மகள் கொட்டிய தண்ணீர் என்று அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு.

நம் கரையில் இதைச் சொன்னால் நம் தாய்மார் சிரிப்பார்கள். இங்கே வாசலைக் கடந்து போகிறவன் மாப்பிள்ளை அன்றோ! பெண் பிறந்த வளவிலேயே இருக்கிறாள். அவன் பெட்டியோடு வந்து சேருகிறான்.

இன்னுமொன்று. ஒரே குடும்பப் பெயருடையவர் மணந்துகொள்ளலாகாது என்று 7ஆம் நூற்றாண்டிலேயே தாங் அரசரின் சட்டம் விதித்தது. நம்மிடமும் ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஆனால், சீனருக்குப் பெயர் தந்தை வழி. நமக்குக் குடி தாய் வழி. இந்த வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதென்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டாம். பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குள் நுழைந்தாலும், தெற்கே சாய்ந்தமருதுக்குப் போனாலும் முஸ்லிம் அயலவரிடம் இதே தாய்வழிக் குடிதான். கோயிலிலே குடிக்கு வண்ணக்கர் என்றால், பள்ளிவாசலிலே குடிக்கு மரைக்காயர். அவர்கள் மார்க்கப்படி காவின் எழுதி, மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுக்கிறார். ஆனால் அங்கேயும் வந்து குடியேறுகிறவர் மாப்பிள்ளையே, வீடு பெண்ணுடையதே. குரவைச் சத்தம் கேட்டால், எந்தத் தெருக் கலியாணமென்று தூரத்திலிருந்து சொல்லிவிட முடியாது.

இந்த வழக்கத்தின் சுமையையும் மறைக்கக்கூடாது. மூத்த மகளுக்கு இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவதை நாம் கண்டிருக்கிறோம். அடுத்த மகளுக்கு மறுபடியும் கல்லும் மண்ணும். தங்கைமாருக்கு வீடு முடியுமட்டும் அண்ணன்மார் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். மத்திய கிழக்குக்குப் போய் உழைத்து அனுப்புகிறார்கள். வீடு போதாதென்று ரொக்கமும் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் இரு சமூகத்திலும் உண்டு. வாலிபர்களே, அந்த ரொக்கம் நம் பழைய வழக்கமென்று யாராவது சொன்னால், பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

ஆயினும் அந்த வீடு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது 2004 திசெம்பர் 26க்குப் பிறகுதான் பலருக்கு விளங்கியது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையில் கடல் கொண்டுபோனவை வெறும் சுவர்கள் அல்ல. கட்டிக்கொடுத்த பெண்களின் சீதனமும், கட்டிக்கொடுக்க இருந்த பெண்களின் சீதனமும். கடலோரத்தில் இருநூறு மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்றும் முதலில் சொன்னார்கள். பின்பு கிழக்கில் உதவி வீடுகள் எழுந்தபோது, படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. தலைவர் என்றால் ஆண் என்று எழுதுகிறவர்கள் எண்ணிக்கொண்டார்கள். தாயின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, பல இடங்களில் மருமகன் பெயருக்குப் போயிற்று.

மருமகனைக் குறைசொல்லவில்லை, நானும் ஒரு மருமகன்தான். பெட்டியோடு போனவன். என் பெண்சாதி வீட்டு உறுதி அவளுடைய பெட்டகத்தில் இருக்கிறது, திறப்பும் அவளிடமே. உங்கள் வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறதென்று இன்றிரவு போய்ப் பாருங்கள்.