கொடுத்தலும் கொள்ளுதலும்

ஆங்கிலத்தில் 'கிவ் அண்ட் டேக்' என்றொரு வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கொடுக்கல் வாங்கல்' என்றாகும். ஆனால், "அவருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை" என்று ஒருவர் சொன்னால் நாம் கடனையே நினைப்போம். 'கொண்டு கொடுத்தவர்கள்' என்றாலோ சம்பந்திகள் நினைவுக்கு வருவர். ஆங்கில வழக்கின் பொருள் வேறு. ஒத்து வாழும் பொருட்டு இரு திறத்தாரும் தத்தம் கோரிக்கையைச் சிறிது தளர்த்திக்கொள்வதே அது. அதனை நாம் 'விட்டுக்கொடுத்தல்' என்கிறோம். அச்சொல்லில் கொடுப்பது இருக்கிறது, பெறுவது இல்லை. ஆகவேதான், விட்டுக்கொடுத்தவன் தோற்றவன் என்ற எண்ணம் நமக்கு எளிதில் உண்டாகிவிடுகிறது.

இவ்வழக்கின் முழுப்பொருளைச் சித்தூரின் வரலாறு நன்கு விளக்கும். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கின. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ஆந்திரர் சென்னை நகரைக் கேட்டிருந்தனர். தமிழரோ, தொல்காப்பியப் பாயிரம் வட எல்லையாகக் கூறும் வேங்கடத்தைக் கேட்டனர். ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி நடத்தினர். பின்னர் எச். வி. படாஸ்கர் இரு திறத்தாருக்கும் நடுநின்று எல்லை வகுத்தார். அதன்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. கேட்டது முழுவதையும் எவரும் பெறவில்லை. வெறுங்கையுடன் திரும்பியவரும் இல்லை.

எல்லையை ஒரு நாளில் மாற்றிவிடலாம். கொடுத்தலும் கொள்ளுதலும் நாள்தோறும் நிகழவேண்டியவை. திருமலையில் மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. அத்திருமலையில் பாடிய அன்னமாச்சாரியரின் தெலுங்குக் கீர்த்தனங்களோ தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. இதில் தோற்றவர் யார்?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இது நன்கு விளங்கும். குடியேறிய ஊரின் மொழியைக் கற்று, அவ்வூராருடன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறோம். அவர்களுடைய நட்பும் நம்பிக்கையும் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் வீட்டில் குழந்தைக்குத் தமிழெழுத்தைக் கற்பியாமல் விடுவது விட்டுக்கொடுத்தல் ஆகாது. அது கைம்முதலை இழப்பதாகும். நாளை அக்குழந்தை, அண்டை வீட்டாரிடமிருந்து எவ்வளவோ கொள்ளலாம். கொடுப்பதற்குத் தன்னிடம் ஏதேனும் இருக்கவேண்டுமன்றோ?