வயதும் வாய்மையும்
(எமது சங்க விளையாட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



உதைபந்தாட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேச வந்துள்ளோம். கோல் அடிக்கும் வித்தையைச் சொல்ல நாம் வரவில்லை. அதனை மைதானத்திலே கற்றுக்கொள்வதே நன்று. ஆட்டம் தொடங்குமுன், பெயர்ப் பட்டியல் எழுதும் மேசையிலே தீர்க்கப்படும் ஒரு காரியத்தைப் பற்றியே பேச விரும்புகின்றோம். அதுதான் ஆட்டக்காரரின் வயது.

14 வயதுக்குட்பட்டோர், 16 வயதுக்குட்பட்டோர் எனப் பிரித்து ஆடவைப்பது எதற்காக? 12 வயதுப் பையனும் 17 வயது வாலிபனும் ஒரே பந்தை நோக்கி ஓடி மோதினால், விழுபவன் யாரென்று சொல்லவேண்டியதில்லை. வயது விதி என்பது இளையவனைக் காக்கப் போட்ட வேலி. ஆற்றலுள்ள இளையவன் மேற்பிரிவில் ஆடப் பல இடங்களில் அனுமதி உண்டு. மூத்தவன் கீழ்ப்பிரிவில் இறங்க அனுமதி இல்லை.

இவ்வேலியைத் தாண்டியோர் பட்ட பாட்டுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். மெக்சிக்கோ நாடு 1986இலே உலகக் கிண்ணப் போட்டியைத் தன் மண்ணிலே நடத்திப் புகழ்பெற்றது. இரண்டு ஆண்டுகளின் பின், 20 வயதுக்குட்பட்டோருக்கான தகுதிகாண் போட்டியிலே, வயது கடந்த நால்வரையேனும் அது ஆடவைத்தமை வெளியாயிற்று. காட்டிக்கொடுத்தது எது? அந்நாட்டுச் சம்மேளனம் தானே அச்சிட்ட ஆண்டு நூலிலிருந்த பிறந்த திகதிகள்! உலகச் சம்மேளனமாகிய பீபா, சகல சர்வதேசப் போட்டிகளிலிருந்தும் மெக்சிக்கோவை இரண்டு ஆண்டுகள் விலக்கிவைத்தது. 1988 சியோல் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றிருந்த அணி போகமுடியவில்லை. அதன் இடத்திலே குவாத்தமாலா சென்றது. 1990 உலகக் கிண்ணமும் கைநழுவிற்று. பொய் சொன்னவர் சிலர். அதிலே பங்கில்லாத ஆட்டக்காரரும் தண்டனையைச் சுமந்தனர்.

அதற்கு முன்னரே இன்னொருவனும் நட்டப்பட்டிருப்பான். பொய்த் திகதியோடு ஆடுபவன் எதிரணியை மாத்திரம் ஏமாற்றுவதில்லை. தன் அணியிலே உரிய வயதோடு காத்திருக்கும் ஒரு தம்பியின் இடத்தையும் பறித்துக்கொள்கிறான்.

பத்திரத்தை நம்பமுடியாதபோது எலும்பைக் கேட்போம் என்று, 2009இல் நைஜீரியாவிலே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்திலே, மணிக்கட்டைக் காந்தக் கருவியாற் படமெடுத்துப் பார்க்கும் முறையைப் பீபா கொண்டுவந்தது. முன்கை எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு, வளர்ச்சி முடியும்போது எலும்போடு ஒன்றிவிடும். முற்றாக ஒன்றியிருப்பின் ஆள் வயது கடந்தவர் எனக் கருத இடமுண்டு. ஆயினும் சிலருக்கு அது முந்தும், சிலருக்குப் பிந்தும். பிறந்த நாளை அந்தப் படம் சொல்லாது. எனவே எந்தக் கருவியும் நேர்மைக்கு ஈடாகாது.

விதியை நேர்மையாகக் கைக்கொண்டாலும் ஒரு குறை எஞ்சுகின்றது. ஜனவரி 1ஐ எல்லையாக வைத்தால், ஜனவரியிற் பிறந்தவனும் அதே ஆண்டு டிசெம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவினர். 10 வயதிலே பதினொரு மாத வித்தியாசம் சிறிதன்று. பல நாடுகளின் இளைஞர் அணிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே அவற்றில் அதிகமெனக் கண்டனர். செப்டெம்பர் 1ஐ எல்லையாகக் கொண்ட இங்கிலாந்திலோ, செப்டெம்பரையடுத்த மாதங்களிற் பிறந்தோர் அதிகம். எல்லை நகர்ந்தால் அனுகூலமும் கூடவே நகர்கின்றது. திறமையென்று தெரிவாளர் எண்ணியது பலவேளை சில மாத வளர்ச்சியே.

பெரியோர்களே, அணி தெரியும்போது பிறந்த மாதத்தையும் பாருங்கள். உருவத்தாற் சிறிய பையனைக் கரையிலேயே இருத்திவிடாதீர்கள். இரண்டு ஆண்டு பொறுத்தால் அவனும் வளர்ந்துவிடுவான். மனமொடிந்து ஆட்டத்தை விட்டுப்போனால் அவனை மீட்பது அரிது.

வாலிபர்களே, வயதைக் குறைத்து ஆடும்படி யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சமயத்தின் பெயரைத் தாங்கிய சங்கத்தார் நாம். கோவிலிலே பேணும் வாய்மையைப் பெயர்ப் பட்டியலிலும் பேணுவோம். அதனாற் கிண்ணம் ஒன்று கைவிட்டுப் போனாலும் போகட்டும்.