ஒட்டுக் கடதாசியும் வாடைக் காற்றும்

மார்கழி மழை ஓய்ந்து, வயல்களிலே நெற்கதிர் முற்றிவரும் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானத்திலே பட்டங்கள் தோன்றத் தொடங்குகின்றன. வாடைக் காற்று வீசும் இப்பருவத்தில் சிறுவர் மட்டுமன்றி முதியோரும் அண்ணாந்து பார்ப்பர். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலை ஒட்டி நடைபெறும் பட்டப் போட்டி இன்று நாடறிந்த விழாவாகிவிட்டது. அங்கே பறக்கும் பெரும் பட்டங்களைப் பற்றியன்று, வீட்டு விறாந்தையிலே ஒரு குடும்பம் கூடியிருந்து கட்டும் சிறு பட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வடமராட்சியில் உண்டு. அவர்கள் கடையிற் பட்டம் வாங்குவதில்லை. முழுத்தாளிற் பட்டம் ஒட்டுவதுமில்லை. ஆண்டு முழுவதும் சேர்ந்த வர்ணக் கடதாசித் துண்டுகளைத் தகரப் பெட்டியொன்றிலே பேணிவைத்து, விடுமுறை வந்ததும் அவற்றை இணைத்து ஒட்டுப்பட்டம் செய்கின்றனர். பாட்டனார் உலர்ந்த மூங்கிலைப் பிளந்து சீவுகின்றார். தந்தையார் சிலாகைகளை நூலால் வரிந்து கட்டுகின்றார். தாயார் கோதுமை மாவிற் பசை காய்ச்சுவதோடு, எந்த நிறத்தருகே எந்த நிறம் வரவேண்டுமெனத் தீர்ப்பும் கூறுகின்றார். பிள்ளைகள் வெட்டி ஒட்டுகின்றனர்.

ஒட்டுப்பட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இரு துண்டுகள் ஒன்றன்மேலொன்று படியும் இடத்திலே கடதாசி இரட்டிக்கின்றது, பசையும் சேர்கின்றது, ஆகவே பாரம் கூடுகின்றது. ஒருபக்கத்தில் ஓர் ஒட்டு மிகுந்தாற் பட்டம் அப்பக்கம் சரியும். "வடிவுக்கு ஒன்று ஒட்டினால், பாரத்துக்கு மற்றப் பக்கமும் ஒன்று ஒட்ட வேணும், ராசா" என்று பாட்டனார் பேரனுக்குச் சொல்லக் கேட்டேன். நடுச்சிலாகையை இரு விரல்களின்மேல் நிறுத்தி, எப்பக்கம் தாழ்கின்றதென்பதை அச்சிறுவன் தானே கண்டுகொண்டான். தராசின் தத்துவத்தை வகுப்பறையில் விளக்குவதற்கு ஆசிரியருக்கு ஒரு பாடவேளை வேண்டும்.

அடுத்தது முச்சை. பட்டத்தின் முகத்திலே கட்டப்படும் நூல்கள் ஒன்றுசேரும் முடிச்சு, சிறிது மேலேறினாலும் கீழிறங்கினாலும், பட்டம் காற்றை எதிர்கொள்ளும் சாய்வு மாறிவிடும். அது நிற்கவேண்டிய இடத்தைக் கைப்பழக்கமே காட்டும். தலைப்பக்கத்திற் பூட்டும் விண்ணும் அத்தகையதே. வளைத்த வில்லிலே மெல்லிய நாரை இழுத்துக் கட்டினால், காற்றுப்பட்டு அது அதிர்ந்து கூவும். நார் இறுகினால் ஒலி உயரும், தளர்ந்தாற் தாழும். இரவிலே மரத்திற் கட்டிவிட்ட பட்டத்தின் விண் கூவக் கேட்டபடி உறங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. அவர்களின் விரல்கள் அறிந்ததைப் பேரப்பிள்ளைகளின் விரல்கள் அறியாது போனால், பின்னர் அதனை எங்கே தேடுவோம்?

"பட்டம் கட்டும் நேரத்திற் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கலாமே" என்று பெற்றோர் சிலர் அதிபராகிய என்னிடம் கூறுவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: அவுஸ்திரேலியாவிலே லோரன்ஸ் ஹார்கிரேவ் 1893ஆம் ஆண்டில் அமைத்த பெட்டிப் பட்டம், ஆரம்பகால விமானங்களின் அமைப்புக்குத் துணைசெய்தது. ரைட் சகோதரர்கள் சிறகைத் திருகி விமானத்தை அடக்கும் முறையை 1899இல் முதலிற் பட்டத்திலேயே சோதித்தனர். வானொலி நேயர்களாகிய நாம் இன்னொன்றையும் நினைத்தல் தகும். 1901 டிசெம்பர் 12ஆம் திகதி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த கம்பியில்லாச் சைகையை நியூபவுண்லாந்திலே மார்க்கோனி செவிமடுத்தபோது, வான்கம்பியை உயரத் தூக்கி நின்றது ஒரு பட்டமே!

ஆயினும் நான் பட்டத்தைப் போற்றுவது இவற்றுக்காக மட்டுமன்று. பரீட்சையிற் தவறிய பிள்ளை தலைகுனிகின்றான். பட்டம் விழுந்த பிள்ளையோ வாலை நீட்டி, முச்சையைத் திருத்தி, மறுபடியும் ஓடுகின்றான். காற்று எவர்க்கும் சலுகை காட்டுவதில்லை, எவரையும் பழிப்பதுமில்லை. தோல்வியைத் திருத்தத்துக்குரிய செய்தியாகக் கொள்ளும் மனம் அங்கே வளர்கின்றது.

அக்குடும்பத்தின் மூத்த மகன் தூரதேசத்தில் வாழ்கின்றான். அவன் ஊரிலே கடைசியாகக் கட்டிய பட்டத்தின் துண்டொன்றை ஆண்டுதோறும் புதிய பட்டத்திற் சேர்க்கின்றனர். கிழிந்து கிழிந்து அது இப்போது உள்ளங்கையளவாகிவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கத்திலே, பாரம் ஒத்துவர, இளையவன் தனது துண்டை ஒட்டுகின்றான்.

பெற்றோர்களே, மின்கம்பிகளுக்கு அருகிலும் தெருவோரத்திலும் பட்டம் ஏற்ற விடாதீர்கள். குறுக்கே கிடக்கும் நைலோன் நூல் சைக்கிளில் வருவோரின் கழுத்தை அறுக்கக்கூடும். வெளியான நிலத்தையும் கடற்கரையையும் நாடுங்கள். இவ்விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, வீட்டிலுள்ள முதியவரை நடுவிலே இருத்தி, ஒரு பட்டமாவது கட்டுங்கள். மூங்கிலும் நூலும் பழங் கடதாசியும் போதும்.